காது கொடுத்துக் கேட்க 1 லட்சம்

கண்மாய் கேஸ் என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஆனது இதுதான். நாங்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன்னாடியே 1 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

புதுசாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை ஒருத்தர் மண்ணடித்து மூடி, பிளாட் போட்டு, காம்பவுண்டும் கட்டிவிட்டார். கிராம வரைபடத்தில் கால் இருக்கிறது, தரையில் இல்லை. மூணு வருசமாகக் கொடுத்த மனுவுக்கெல்லாம் ரசீது மட்டும் ஒரு மஞ்சப்பை நிறைய வைத்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் ஐந்து பேர் சேர்ந்து பொதுநல வழக்குப் போட்டோம்.

முதல் நாளே உத்தரவு. நல்லெண்ணத்தோடதான் வந்திருக்கோம்னு காட்ட 1 லட்சம் கட்டணுமாம். கேஸ் உண்மை என்றால் திரும்பி வரும், பொய் என்றால் போய்விடும். 4 வாரம் கெடு, கட்டாவிட்டால் தள்ளுபடி. காலை மூடினவரிடம் ஒத்த ரூபாய் கேட்கவில்லை.

பொய்க் கேஸ் போடுகிறவன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேஸைப் போட்டுவிட்டு, வாபஸ் வாங்கப் பேரம் பேசினவனை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். 10 லட்சம் கறக்க வருகிறவன் 1 லட்சத்தை முதலீடு மாதிரி சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போவான். நின்றுபோவது யார்? மூணு ஏக்கர் வைத்துக்கொண்டு, ஒரு போகத்துக்குச் செலவு போக 40 ஆயிரம் நின்றால் பெருசு என்றிருக்கிற நாங்கள்தான். மனசைச் சோதிக்கிறோம் என்று சொல்லி மடியைச் சோதித்தால் எப்படி?

வக்கீல் தம்பியிடம் சட்டம் என்ன சொல்லுது என்று கேட்டேன். சாதாரண சிவில் வழக்குக்கு, 1908ஆம் வருசத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 25 என்று ஒன்று இருக்கிறதாம். எதிராளிக்கு ஆகும் செலவுக்கு ஈடு கட்டச் சொல்லி வாதிக்குக் கோர்ட்டு உத்தரவு போடலாம், அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கட்டாயமாகப் போட்டே ஆகணும் என்பது, வாதி வெளிநாட்டில் இருந்து, அவருக்கு இந்தியாவில் போதுமான நிலபுலனும் இல்லாதபோது மட்டும்தான். தோற்றுவிட்டு ஓடிப்போனால் யாரிடம் வசூலிப்பது என்கிற கவலை. நியாயம்தான். நான் எங்கே ஓடுவேன்? என் நிலம் கண்மாய்க்குக் கீழேதான் கிடக்கிறது. அதை விட என்ன ஈடு வேணும்?

பொதுநல வழக்குக்கு அந்த ஆணை இல்லை, இது கோர்ட்டு தானாகப் பார்த்துப் போடுகிற தொகை என்றார் தம்பி. அதோடு இன்னொன்றும் சொன்னார். ஒரு எம்.பி. ஜெயித்தது செல்லாது என்று ஹைகோர்ட்டில் வழக்குப் போட, 1951ஆம் வருசத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி செலவுக்கு ஈடாகக் கட்ட வேண்டியது 2,000 ரூபாய். எம்.பி.யை அசைக்க 2,000, வாய்க்காலைத் தோண்ட 1 லட்சம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்து, பொய் என்று தெரிந்த பிறகு அபராதம் போடுங்கள். ரெண்டு மடங்கு வேண்டுமானாலும் போடுங்கள், கட்டுகிறேன். கேட்காமலே எங்களைச் சந்தேகப்படுவதுதான் பொறுக்கவில்லை.

பணம் திரும்பி வருமே என்று பட்டணத்து நண்பர் ஒருவர் போனில் சமாதானம் சொன்னார். வரும் சாமி. வீட்டுக்காரி செயினை அடகு வைத்த வட்டி திரும்பி வருமா?

ஐந்து பேரில் ஒருத்தர் விலகிக்கொண்டார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மீதி நாலு பேரும் ஆயக்கட்டுக்காரர்கள் வீடு வீடாகப் போய், நேற்று ராத்திரி வரைக்கும் 82,000 சேர்த்திருக்கிறோம். கெடு வெள்ளிக்கிழமை.