நிச்சயமில்லாத அறிவியலும் நாள் சம்பளமும்

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கோவிட்-19 எத்தனை பேரைக் கொல்லும் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆழம் தெரியாத ஆற்றில் காலை விடாமல் நின்றது விவேகமே. ஆனால், எத்தனை நாள் கரையிலேயே நிற்பது? நிற்கும் நாள்களில் யார் சோறு போடுவது? இவ்விரு கேள்விகளுக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

2020 மே 1ஆம் நாள், ஆணையால் நாட்டுக்கு நாளொன்றுக்கு 240 கோடி ரிங்கிட் இழப்பு என்றார் அன்றைய பிரதமர் முகைதீன் யாசின். மே 4 முதல் பெரும்பாலான தொழில்கள் திறக்கலாம் என்றும் அறிவித்தார். கெடா மாநில அரசோ உடனே திறக்காமல் ஒத்திவைத்தது. நோய் ஒன்று, முடிவு இரண்டு. ஆக, அறிவியல் மட்டும் முடிவெடுப்பதில்லை. யாருடைய நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோமோ, அதுவும் சேர்ந்தே முடிவெடுக்கிறது.

அதே ஆண்டு குபாங் பாசுவில் ‘சிவகங்கா’ தொற்றுத் திரள் தோன்றியது. ஆகஸ்டில் அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம், அதில் கண்ட டி614ஜி உருமாற்றம் பத்து மடங்கு எளிதில் தொற்றக்கூடியது என எச்சரித்தார். அது ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் கண்ட அளவு. மக்களிடையே பரவல் அந்த அளவுக்குக் கூடவில்லை எனப் பின்னர் தெரிந்தது. எனினும் அங்கு எடுத்த நடவடிக்கை தவறன்று. நாடு முழுவதையும் மூடாமல், சில முக்கிம்களில் மட்டும் கட்டுப்பாடு விதித்துப் பரிசோதனை நடத்தினார்கள். திரள் 45 பேரோடு முடிந்தது. சந்தேகம் பெரிதாக இருந்தாலும் வேலி சிறிதாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

2021 ஜூன் 1ஆம் நாள் போட்ட வேலியோ நாடளாவியது. மே இறுதியில் 9,000ஐத் தாண்டிய அன்றாடத் தொற்று, ஆகஸ்ட் 26இல் 24,599 ஆனது. சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. ‘மூடவே வேண்டாம்’ என்று வாதிடுவோர் அந்தக் காட்சியை மறக்கக் கூடாது. அதே வேளையில், வீடுகளில் வெள்ளைக் கொடிகள் பறந்ததையும் மறக்கக் கூடாது. எங்கள் அப்பா நாள் சம்பளத்துக்குக் கட்டட வேலை செய்பவர். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய அண்டை வீட்டாருக்கு வேலை இருந்தது. பட்டணத்து வேலையை நம்பிய எங்களுக்கு இல்லை. அரிசி மூட்டையை அம்மா கடனுக்குத்தான் வாங்கினார்.

என்ன செய்திருக்கலாம்? முதலாவது, ஆய்வுக்கூட எண்ணை ஊர் எண்ணாகச் சொல்லாமல், ‘இது தெரியும், இது இன்னும் தெரியாது’ என்று மக்களிடம் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, எது குறைந்தால் கதவு திறக்கும் என்பதை மூடும் நாளிலேயே அறிவிக்க வேண்டும். மூன்றாவது, உதவி ஆணையோடு சேர்ந்தே வர வேண்டும். 2020இல் 1,600 ரிங்கிட் வரையிலான குடும்ப உதவி அறிவிக்கப்பட்டது மார்ச் 27இல்தான். நாள் சம்பளக்காரருக்கு ஒன்பது நாள் என்பது ஒன்பது சம்பளம்.

உயிரா, பொருளாதாரமா என்று கேட்பது எளிது. தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கு அவ்விரண்டும் ஒரே பானையில்தான் வேகின்றன. அடுத்த பெருந்தொற்று வருமுன், முடிவெடுக்கும் மேசையில் மருத்துவருக்குப் பக்கத்தில் நாள் சம்பளக்காரருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். சிந்திப்போம்.