காயம் ஒன்று, நீதி இரண்டா?

போரில் கையையோ காலையோ இழந்து திரும்பும் சிப்பாய்க்கு ஒரு நாடு என்ன கடன் பட்டிருக்கிறது? மாலையா? மரியாதையா? சோறா? ஜப்பான் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில் சொன்னது. உழைத்துப் பிழைக்கும் எவரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1930-களில் அங்கே காயம்பட்ட சிப்பாய்க்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அதுவரை அவர்களைக் குறித்த சொல்லுக்கு "உதவாமல் போன சிப்பாய்" என்று பொருள். 1931-ல் அதை மாற்றி, "காயமுற்ற போர்வீரர்" என்று அரசு பெயர் சூட்டியது. 1937-ல் சீனாவுடன் பெரும்போர் மூண்டது. மறு ஆண்டே அவர்களுக்கென்று தனி அரசுத் துறை ஏற்பட்டது. மார்பில் குத்திக்கொள்ளச் சின்னம், செயற்கைக் கால், கைத்தொழில் பயிற்சி எல்லாம் கிடைத்தன. மருத்துவமனையில் அவர்கள் அணிந்த வெள்ளை அங்கியை வைத்து "வெள்ளை உடை வீரர்கள்" என்று புகழ்ந்தார்கள். அவர்களை மணந்துகொள்வது பெண்கள் நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்றுகூடப் பிரசாரம் நடந்தது.

நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால், அந்த மரியாதை எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

வெளியே தெரியாத காயம்

போரில் மனம் உடைந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிபா மாநிலத்தின் கோனோதாய் ராணுவ மருத்துவமனையில் அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. ஆனால், இவர்களுக்கு ஊர்வலம் இல்லை, புகழுரை இல்லை. போர் முடிந்ததும் நோயாளிகளின் குறிப்பேடுகளை எரித்துவிடும்படி உத்தரவு வந்தது. மருத்துவர்கள் அவற்றை மறைத்து வைத்ததால்தான் சுமார் 8 ஆயிரம் பேரின் குறிப்புகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

போர்முனையில் நிலைமை இன்னும் கொடுமை. உயிரோடு எதிரியிடம் பிடிபடுவது அவமானம் என்று 1941 ஜனவரியில் ராணுவம் அறிக்கையே வெளியிட்டிருந்தது. 1944-ல் நமது மணிப்பூர் எல்லைக்குள் புகுந்த ஜப்பானியப் படை, இம்பாலில் தோற்று, கொட்டும் மழையில் பர்மாவுக்குத் திரும்பியது. குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் பலியானவர்களே அதிகம். நடக்க முடியாமல் விழுந்தவர்களின் கையில் கடைசியாகக் கொடுக்கப்பட்டது மருந்து அல்ல, கையெறி குண்டு. அந்தப் பாதைக்கு ஜப்பானியரே வைத்த பெயர் "எலும்புச் சாலை".

மாலை வாடியது

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. நாட்டை ஆண்ட அமெரிக்கத் தலைமையிலான படை, ராணுவத்தாருக்குத் தனிச் சலுகை கூடாது என்றது. 1946 பிப்ரவரியில் ராணுவ ஓய்வூதியம் ரத்தானது. கடுமையாக ஊனமுற்றவர்களுக்கு மட்டும், அதுவும் குறைத்து, ஒரு சிறு தொகை நின்றது.

நேற்று வரை வீரன். இன்று யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள். அதே வெள்ளை அங்கியோடு ரயில் நிலையங்களிலும் கோவில் வாசல்களிலும் நின்று, அக்கார்டியன் வாசித்துக் காசு கேட்டார்கள். சிலர் இரக்கப்பட்டார்கள். சிலர், "இவன் நிஜமாகவே சிப்பாயா, வேஷமா?" என்று சந்தேகப்பட்டார்கள். புகழ்ச்சியை நம்பி வாழ்ந்தவனுக்கு, புகழ்ச்சி போனதும் மிஞ்சியது இதுதான்.

இரண்டே நாள்

ஆட்சிப் பொறுப்பு மீண்டும் ஜப்பானியர் கைக்கு வந்தது 1952 ஏப்ரல் 28-ந் தேதி. ஏப்ரல் 30-ந் தேதியே, போரில் ஊனமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உதவும் சட்டம் வெளியானது. 1953-ல் ராணுவ ஓய்வூதியமும் திரும்ப வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. உதவி பெறுகிறவர் ஜப்பானியக் குடிமகனாக இருக்க வேண்டும். அவர் பெயர் ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஜப்பானின் ஆதிக்கத்தில் இருந்த கொரியாவிலிருந்து சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் அதன் படைப் பணியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தைவானிலிருந்தும் 2 லட்சம் பேருக்கு மேல். அதே ஏப்ரல் 28-ந் தேதிதான் இவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். குண்டு பட்டபோது சொந்த ஆள். பணம் கொடுக்கும்போது அந்நியன்!

ஜப்பானிலேயே தங்கிவிட்ட கொரியச் சிப்பாய்கள் நீதி கேட்டு அலைந்ததை, 1963-ல் இயக்குநர் நாகிசா ஓஷிமா தொலைக்காட்சிக்குப் படமாக எடுத்தார். கண்ணில்லாதவர், கையில்லாதவர், காலில்லாதவர். ஜப்பானிய அரசிடம் போனால், "நீங்கள் கொரியர், உங்கள் நாட்டைக் கேளுங்கள்." கொரியத் தூதுக் குழுவிடம் போனால், "நீங்கள் காயம்பட்டது ஜப்பானுக்காக, ஜப்பானைக் கேளுங்கள்." 1965-ல் இரு அரசுகளும் உடன்பாடு செய்து, கணக்குத் தீர்ந்தது என்றன. இவர்கள் கை அப்போதும் வெறுங்கைதான்.

கடைசியில் 2000-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஜப்பானில் வாழும் கடும் ஊனமுற்றவருக்கு ஒரே தடவையாக 40 லட்சம் யென். அவரோடு ஒரே போர்முனையில் நின்ற ஜப்பானியருக்கோ 1950-களிலிருந்து ஆண்டுதோறும் பணம். போர் முடிந்து 55 ஆண்டுகள் ஆன பிறகு, எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

நாம் கேட்க வேண்டியது

ஜப்பானியப் படை ஆசியாவில் செய்த கொடுமைகளை யாரும் மறக்கவில்லை. ஆனால், இழுத்துச் செல்லப்பட்ட ஏழைச் சிப்பாயின் வெட்டுண்ட கைக்கு அரசியல் தெரியாது.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் நாட்டில் 1923-ல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், "அடிபட்டவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்கவில்லை. "வேலை செய்யும்போது அடிபட்டானா?" என்றுதான் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆகவே, மேஸ்திரி தோளைத் தட்டி, "நீ நம்ம ஆள்" என்று சொன்னால் மகிழுங்கள். ஆனால், வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பதிவேட்டை எழுதும் குமாஸ்தா நண்பர்களே, ஒரு பெயரை விட்டுவிடுவது சிறு தவறு அல்ல. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் வாசல் வாசலாக அலைவதற்கு, எழுதாமல் விட்ட ஒரு வரி போதும்.