முத்திரையில்லா நெருப்பு!

ஆத்தூர் வெற்றிலைக்குப் பேர் உண்டு. பொருநை நீர் குடித்து வளர்ந்த அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறெங்கோ கிள்ளிய இலையை ஆத்தூர் வெற்றிலை என்று கூவி விற்றால் சட்டம் கேள்வி கேட்கும். மகிழ்கிறோம்!

ஆனால் தோழர்களே, அந்த வெற்றிலை அடுக்கியிருக்கிற அதே பெட்டிக்கடையிலே, பீடிக்கட்டுக்குப் பக்கத்திலே, சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பல்லிளிக்கிறதே பிளாஸ்டிக் லைட்டர், அதற்கு ஊர் எது? செய்தவன் யார்? சோதித்தவன் யார்? வாங்கித் திருப்பிப் பார்த்தோம். ஓர் எழுத்துகூட இல்லை! கிள்ளுகிற இலைக்கு ஊர் உண்டு, கையிலே பிடிக்கிற நெருப்புக்கு ஊர் கிடையாது!

கோவில்பட்டியும் இதே தூத்துக்குடி மாவட்டம்தான். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த ஆண்டெல்லாம் அங்கே உலை கொதித்தது தீப்பெட்டி ஆபீசால்தான். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள் எத்தனை பேர்! பதினான்கு ஆண்டுகள் ஒரே ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. வேறெந்தப் பொருள் அப்படிப் பொறுத்திருந்தது? பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, லட்சத்துக்கு மேற்பட்டோர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், பிழைப்பை இழக்கும் நிலை என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார்.

தில்லி அசைந்தது. 2023 ஜூன் 29-இல், இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டருக்குத் தடை வந்தது. அதே ஆண்டு, லைட்டருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற ஆணையும் பிறந்தது.

அந்த முத்திரையை வெளிநாட்டு முதலாளி எப்படிப் பெறவேண்டும்? இங்கே சரக்கை இறக்குகிற வியாபாரி கேட்டால் கிடைக்காது, செய்கிறவனே கேட்கவேண்டும். இரண்டு ஆலை இருந்தால் இரண்டு உரிமம். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவரைத் தன் பொறுப்பான பிரதிநிதியாகக் காட்டவேண்டும். நாளை தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு முகம் வேண்டுமல்லவா! நம் நாட்டுத் தர நிர்ணய அதிகாரிகள் அவன் ஆலைக்கே போய்ப் பார்ப்பார்கள், போக்குவரத்துச் செலவு அவனுடையது. மாதிரியை எடுத்துச் சோதனைச் சாலையில் வைப்பார்கள். பத்தாயிரம் டாலருக்கு வங்கி உத்தரவாதமும் தரவேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் உரிம எண்.

கொடுமையா இது? ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போட்டாலும் லைட்டர் வெடிக்கக் கூடாது. 65 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கவேண்டும் என்கிறது தர விதி. சித்திரை வெயிலிலே லாரி ஓட்டுகிற தோழரின் சட்டைப்பையில் கிடக்கிற பொருளுக்கு இதையும் கேட்கக் கூடாதா? "வாணிபத்துக்கு முட்டுக்கட்டை" என்று முணுமுணுக்கும் பொருளாதாரப் பண்டிதர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: சீனமும் சி.சி.சி. என்ற கட்டாய முத்திரை வைத்திருக்கிறது. நம் ஆலைக்காரர் அங்கே விற்க விரும்பினால் அவர்களுடைய ஆய்வாளருக்குத் தம் ஆலைக்கதவைத் திறந்துதான் ஆகவேண்டும். அவர்கள் கேட்டால் ஒழுங்கு, நாம் கேட்டால் முட்டுக்கட்டையா?

நேர்வழியில் வருகிற அயலானோடு நமக்குப் பகையில்லை. வரட்டும், உத்தரவாதம் கட்டட்டும், போட்டியிடட்டும். நம் சண்டை, வாசல் இருக்கச் சுவர் ஏறிக் குதிப்பவனோடு! கன்டெய்னரிலே வேறு சரக்கின் பெயரை எழுதி உள்ளே லைட்டரை அடுக்கி வந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் பிடிபட்டது ஒருமுறையா, இருமுறையா? முழு லைட்டருக்குத் தடை என்றதும் உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே கோத்தார்கள். 2024 அக்டோபரில் அதற்கும் தடை போட நேர்ந்தது.

1906-இல் வெள்ளையனின் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யின் பெயரைத் தாங்கிய துறைமுகம் அது! அங்கே இறங்கும் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் தமிழக அரசிடம் இல்லை. இறக்குமதியும் சுங்கமும் ஒன்றியப் பட்டியலில். வேலை போவது கோவில்பட்டியில், திறவுகோல் தில்லியில்! அதிகாரத்தை வைத்திருப்பவர்களே பொறுப்பையும் சுமக்கட்டும்.

நாமும் ஒன்று செய்யலாம், தோழர்களே. லைட்டரைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்ற எழுத்தும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் ஆலையின் பெயர் வரும். எண் இல்லையா? கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அவரும் நம்மவர்தான். இரண்டு ரூபாயை நீட்டித் தீப்பெட்டி கேளுங்கள்.

சுங்கத் துறையினரிடமும் ஒரு கேள்வி. பிடித்த பெட்டிகளின் மதிப்பைக் கோடிக் கணக்கில் பத்திரிகைகளுக்குச் சொல்கிறீர்கள். முத்திரையில்லாமல் விற்றால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது குறைந்தது இரண்டு லட்சம் அபராதம் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்ததே, அந்தச் சட்டத்தின்கீழ்ச் சிறை சென்ற லைட்டர் முதலாளிகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கையும் வெளியிடுங்கள்!