மடியில் கனம்

வழக்கு என்றால் ஏழைதான் நடுங்குவான் என்று நாம் நினைக்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஆலைகள் பெருகி நிலத்தின் விலை ஏற ஏற, பட்டாவுக்கும் எல்லைக்கல்லுக்குமாக நீதிமன்றப் படியேறி, வாய்தா வாங்கியே ஓய்ந்துபோன குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால், ஆங்கில ஆட்சிக்கு இந்நாட்டில் அடிகோலிய இராபர்ட் கிளைவும் ஒரு வழக்குக்கு அஞ்சி வாய்மூடி இருந்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1744-ல் கம்பெனியின் எழுத்தனாகச் சென்னைக்கு வந்தவன் அவன். பிளாசிப் போருக்குப் பின், 1759-ல், வங்காள நவாப் மீர் ஜாபர் அவனுக்கு ஒரு ஜாகீர் வழங்கினார். கல்கத்தாவை அடுத்த 24 பர்கானா நிலங்களுக்காகக் கம்பெனி நவாபுக்குக் கட்டிவந்த வரிப்பணம், ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன், இனிக் கிளைவுக்கே உரியது! ஊழியன் நிலக்கிழார் ஆனான். முதலாளி அவனுக்குக் குடிவாரம் அளப்பவன் ஆனான்.

1760-ல் தாய்நாடு திரும்பிய கிளைவுக்குக் கம்பெனியில் செல்வாக்குடன் விளங்கிய லாரன்ஸ் சலிவனின் போக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் பகைத்துக்கொள்ளவில்லை. தன் எதிர்காலப் பெருமையெல்லாம் அந்த ஜாகீர்ப் பணத்தையே நம்பியிருக்கிறது என்னும் கருத்துப்பட நண்பருக்கு எழுதினான். வழக்கு மூண்டால், ஊழியன் ஒருவன் அந்நிய அரசரிடம் இத்தகைய கொடையைப் பெறலாமா என்ற கேள்வி எழுமே! போர்க்களத்தில் அஞ்சாதவன் ரொக்கத்தின் முன் அஞ்சினான்.

1763-ல் பொறுமை இழந்தான். 500 பவுன் பங்குக்கு ஒரு வாக்கு என்பது அன்றைய விதி. சுமார் ஒரு லட்சம் பவுன் செலவிட்டுப் பங்குகளை நண்பர்கள் பெயரில் பிரித்து, இயக்குநர் தேர்தலில் மோதித் தோற்றான். உடனே ஜாகீர்ப் பணம் நிறுத்தப்பட்டது. அவனும் வழக்குத் தொடுத்தான். ஆனால் தீர்ப்பு வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. 1764-ல் வங்காளத்தில் போர் என்ற செய்தி வரவே, கம்பெனி அவனையே அழைத்தது. அதுவே தருணமென்று பேரம் பேசி, பத்தாண்டுகளுக்கு ஜாகீரை உறுதிசெய்துகொண்டு கப்பலேறினான். 1765-ல் கல்கத்தா சேர்ந்ததும், ஊழியர்கள் அன்பளிப்புப் பெறலாகாது என்று பத்திரம் எழுதி வாங்கியவனும் இதே கிளைவ்தான்!

வழக்கை விட்டுச் சமரசம் செய்வது நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் இந்தச் சமரசத்தில் இருபக்கமும் பங்கு போட்டது யாருடைய பணம்? 24 பர்கானாவில் ஏர் பிடித்த குடியானவன் கட்டிய வரி. அவனை வாதியாகவோ சாட்சியாகவோ எவரும் அழைக்கவில்லை.

மௌனத்தில் இருவகை உண்டு என்பது என் கருத்து. நம் ஊர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவன் நாளைய சோற்றை எண்ணி வாய்மூடுகிறான். அவனைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. அதிகாரத்தில் இருப்பவன் சேர்த்ததைக் காக்க வாய்மூடுவது அவ்வாறன்று. அவனுடைய மௌனத்துக்கு மற்றவர் விலை கொடுக்கிறார்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

நண்பர்களே, நம்மில் பலர் நாளை வருவாய்த் துறையிலோ பதிவுத் துறையிலோ அமரப் போகிறோம். கிளைவுக்குக் கிடைத்ததுபோல் ஜாகீர் நமக்குக் கிடைக்காது. சிறிய உறைகள் கிடைக்கும். முதல் உறையை வாங்குமுன், பிறகு எத்தனை இடங்களில் வாய்மூடி நிற்க வேண்டிவரும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.