ஊர் பெருக்கிறது, கடைத்தெரு எங்கே போகும்?

ஊர் பெருத்தால் வியாபாரம் பெருக்கும் என்பது நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் பேச்சு. அதில் பாதிதான் உண்மை. கூடுவாஞ்சேரியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் மறுபாதியைப் பற்றி வணிக அன்பர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

பேரூராட்சியாக இருந்த நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021-ல் நகராட்சியாயிற்று. மறு வருஷம் ஏப்ரலில் சொத்துவரியை உயர்த்தியபோது வணிகக் கட்டடங்களுக்கு நூறு சதவீத உயர்வு. அதே 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாயிற்று. இதெல்லாம் மூன்று வருஷத்துக்குள் நடந்தவை. கிராமமும் இல்லாமல் பட்டணமும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஊருக்கு இது பெரிய வேகம்.

ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கடைக்காரனுக்குத் தனியாக விசாரணை தேவையில்லை. கல்லாவில் உட்கார்ந்தாலே காதில் விழும். நிலம் வைத்திருக்கும் பழைய குடும்பங்களுக்கு நல்ல விலை வந்தால் விற்றுவிட எண்ணம். ஏரிப் பாசனம் குறைந்த பிறகு அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. புதிதாக வீடு கட்டி வந்தவர்களுக்கோ, தங்களுக்குப் பின்னால் இன்னொரு மனைப்பிரிவு வரக்கூடாது. (தாங்கள் வந்தபோது முன்னால் இருந்தவர்கள் இதையே சொன்னார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.) தண்ணீர் லாரி வேண்டும், சரக்கு லாரி வேண்டாம் என்பதும் அவர்கள் கட்சிதான்.

இந்தச் சரக்கு லாரி விஷயத்தை நாம் அலட்சியமாக நினைக்கக்கூடாது. பகலில் கனரக வண்டி கூடாது என்று மனுக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகள் போகும் பாதையில் லாரியை நிறுத்தி மூட்டை இறக்கினால் யாருக்கும் கோபம் வரும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கத் தடை என்றால் சுமை தூக்கும் தொழிலாளி இரவில் வேலை செய்ய இரட்டைக் கூலி கேட்பார். அந்தக் கூலி கடைசியில் அதே வீட்டுக்காரர் வாங்கும் துவரம்பருப்பின் மேல்தான் ஏறும். காலை எட்டு முதல் பத்து, மாலை நான்கு முதல் ஆறு என்று நேரத்தை வரையறுத்து நாமே விட்டுக்கொடுத்தால், மற்ற நேரத்தை உரிமையோடு கேட்கலாம். நாம் பேசாமல் இருந்தால் முழுத் தடைதான் வரும்.

இதற்கு மூல காரணம் கடைத்தெருவுக்கென்று யாரும் இடம் ஒதுக்காததுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது உபயோகத் திறந்தவெளியாகத் தானமாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் லாரி திரும்ப, கிட்டங்கி கட்ட, சந்தை கூட எங்கே இடம்? கொத்தவால் சாவடி நெரிசல் தாங்காமல் 1996-ல் காய்கறி மொத்த வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். முன்யோசனையோடு நிலம் எடுத்து வைத்ததால் அது முடிந்தது. அன்றைக்கு ஊர் ஓரமாக இருந்த கோயம்பேடு இன்றைக்கு நகரத்தின் நடுவில் இருக்கிறது. நம் பக்கம் இப்போதே பத்து, பதினைந்து ஏக்கர் குறித்து வைக்காவிட்டால் பிறகு தங்க விலை கொடுத்தாலும் கிடைக்காது.

அங்கீகாரமில்லாத மனைகளின் கதை எல்லோரும் அறிந்ததே. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. பணம் கட்டிப் பலர் மனையை வரன்முறைப்படுத்திக்கொண்டார்கள். ஆனால் குறுகலாகப் போட்ட தெருவைப் பணம் கட்டி அகலமாக்க முடியுமா? தீயணைப்பு வண்டியே திணறுகிற தெருவில் நம் மினி லாரி எப்படிப் போகும்?

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஊர்க்காரர்களோடு முழு மனதோடு சேர வேண்டும் என்பது என் கருத்து. நந்திவரம் ஏரி நிரம்பி வழிகிற நீர் ஊரப்பாக்கம், ஆதனூர் வழியாக அடையாற்றுக்குப் போக வேண்டியது. அந்தக் கால்வாய்களை மேடாக்கி மனை போட்டால் தண்ணீர் வழி மறந்துவிடாது, வேறு வழி பார்க்கும். 2015-ல் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. வெள்ளம் வந்தால் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்விடலாம். தரையில் அடுக்கிய சர்க்கரை மூட்டையையும் அரிசி மூட்டையையும் யார் மாடிக்கு ஏற்றுவது? ஓரடித் தண்ணீர் போதும், ஒரு வருஷ லாபம் போய்விடும். ஆகவே கலங்கல், மதகு, போக்குக்கால் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு அளந்து கல் நட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் கேட்கும்போது நம் சங்கத்தின் முத்திரையும் அந்த மனுவில் இருக்கட்டும்.

"புது ஜனங்கள் வந்தால் நம் கடைக்குத்தானே வருவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். பாதிப் பேர் கைப்பேசியில் சொல்லி வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறார்கள். ஊர் வளர்ச்சியின் லாபம் தானாக நம் கல்லாவுக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நகர ஊரமைப்புச் சட்டப்படி திட்ட வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் அமலுக்கு வந்து 2026-ஐ எல்லையாக வைத்துப் போடப்பட்டது. அடுத்த திட்டங்கள் வரும்போது, பத்திரிகையின் மூலையில் வரும் அறிவிப்பைப் பார்த்துச் சொல்ல இருவரைச் சங்கம் நியமிக்க வேண்டும். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் தங்கள் கடையில் ஒரு வாரத்தில் எத்தனை லோடு, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் பேச வசதியாக இருக்கும்.