சம்மட்டிக்கு ஸ்விங் தெரியாது

ஹெவி மெட்டலின் பிறப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அந்த இசையின் தாளம் எங்கிருந்து வந்தது என்று தீர்ப்பே எழுதிவிட்டது. ஆனால் தாளம் வாசித்தவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. பிளாக் சப்பாத்தின் பில் வார்ட் இல்லை, லெட் செப்பலினின் ஜான் பான்ஹம் இல்லை, டீப் பர்ப்பிளின் இயன் பெய்ஸ் இல்லை. மிருதங்கக்காரரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு லயத்தைப் பற்றி விமர்சனம் எழுதும் துணிச்சல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கட்டுரையாளர் சொல்வது இதுதான்: ஹெவி மெட்டல் ஐரோப்பாவின் சொந்தப் பிள்ளை. அதன் தாளம் பர்மிங்ஹாம் ஆலைகளின் சம்மட்டி அடி, அதன் சுரம் ஐரோப்பிய செவ்வியல் இசை தந்தது. ஜாஸும் ப்ளூஸும் பர்மிங்ஹாம் பையன்கள் ஆரம்பத்தில் பழகிய பாடம் மட்டுமே, அவற்றை உதறிய பிறகுதான் மெட்டல் பிறந்தது.

ஆலையிலிருந்தே தொடங்குவோம், அவருக்குப் பிடித்த இடம் அது. பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில் எந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவர் இடது கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்தும் விரல்களே போயின. இனி கிட்டார் இல்லை என்று சோர்ந்து கிடந்தவரிடம் ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த ஜாஸ் கலைஞர். அதைக் கேட்ட பிறகுதான் அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து மறுபடி கிட்டாரைத் தொட்டார். ஆலை அவரிடமிருந்து விரலைப் பறித்தது. வாசிக்கும் தைரியத்தை ஒரு ஜாஸ் தட்டு கொடுத்தது. நம் கட்டுரையாளரோ ஆலைக்கு மட்டும் நன்றி சொல்கிறார்.

சம்மட்டிக்கு வருகிறேன். எந்திரம் சம இடைவெளியில் அடிக்கும், அதற்கு வேறு வழி தெரியாது. ப்ளூஸ் ஷஃபிளும் ஜாஸ் ஸ்விங்கும் அப்படியல்ல. ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். ‘தகிட’ என்று சொல்லி நடு எழுத்தை விழுங்கினால் வரும் அந்த நெடில்-குறில் ஆட்டம்தான் ஷஃபிள். நம் மொழியில் திஸ்ர நடை. பில் வார்ட் ஜீன் குரூபாவையும் பட்டி ரிச்சையும் கேட்டு வளர்ந்தவர், இருவரும் ஸ்விங் கால டிரம்ஸ் மேதைகள். 1970இல் வந்த சப்பாத்தின் ‘பாரனாய்ட்’ தொகுப்பின் முதல் பாட்டு ‘வார் பிக்ஸ்’. அதன் மந்தமான தொடக்கம் முழுக்கத் திஸ்ரம். பிறகு பாடும் பகுதி வந்ததும் கிட்டார் இரண்டு அடி கொடுத்துவிட்டு ஒதுங்க, ஹை-ஹாட் மட்டும் துடிக்க, ஆஸி ஆஸ்போர்ன் தனியே பாடுகிறார். வாத்தியம் ஒரு வெட்டு, குரல் ஒரு பதில். 1954இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் சிகாகோவில் பதிவு செய்த ‘ஹூச்சி கூச்சி மேன்’ நிற்பது இதே உத்தியில்தான். இந்த அமைப்பை எந்தச் சம்மட்டி சொல்லிக்கொடுத்தது?

அதே தொகுப்பின் கடைசிப் பாட்டான ‘ஃபேரீஸ் வேர் பூட்ஸ்’ ஆடிக்கொண்டேதான் நடக்கிறது. ‘பிளானட் கேரவ’னின் இறுதியில் அயோமி வாசிப்பதை நள்ளிரவு ஜாஸ் கிளப் ஒன்றில் ஒலிக்கவிட்டால் யாரும் தலை திருப்பமாட்டார்கள்.

அடுத்தது சுரம். ‘பிளாக் சப்பாத்’ பாட்டின் புகழ்பெற்ற ரிஃப், ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாவுவது. இதைத் திருச்சபை தடை செய்த ‘சாத்தானின் சுரம்’ என்று கட்டுரையாளர் சிலிர்க்கிறார். அப்படியொரு தடை இருந்ததற்குச் சான்றில்லை. சப்பாத்தின் கீசர் பட்லர் அந்நாட்களில் ஐரோப்பிய செவ்வியல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ இசையை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்தே இந்த ரிஃப் முளைத்தது என்பது உண்மை. அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதே பிரதி மத்தியமம்தான் ப்ளூஸில் ‘நீலச் சுரங்க’ளில் ஒன்று. ப்ளூஸ் வாசித்துப் பழகிய அயோமியின் விரலுக்கு அது அந்நியச் சுரமே அல்ல.

ப்ளூஸை உதறினார்கள் என்ற வாதம் இதையெல்லாம்விட மோசம். சப்பாத் குழுவின் முதல் பெயரே ‘போல்கா டல்க் ப்ளூஸ் பேண்ட்’. அவர்களுடைய முதல் மேலாளர் ஜிம் சிம்ப்சன் ஒரு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர், பர்மிங்ஹாமில் ‘ஹென்றீஸ் ப்ளூஸ்ஹவுஸ்’ என்ற கிளப்பை நடத்தியவர். 1970 பிப்ரவரி 13இல் வந்த முதல் தொகுப்பில் ‘தி விசார்ட்’ மவுத் ஆர்கனோடு தொடங்குகிறது. ‘வார்னிங்’ பத்து நிமிடத்துக்கு நீளும் ப்ளூஸ், அதுவும் ஆன்ஸ்லி டன்பரின் குழுவிடமிருந்து எடுத்த பாட்டு. உதறியது எப்போது? 1972இல் டீப் பர்ப்பிள் ‘லேசி’ என்ற ஷஃபிளை வாசித்தபோதா? 1978இல் சப்பாத் ‘ஏர் டான்ஸ்’ போட்டபோதா? மேக்ஸ் ரோச்சின் ஜாஸ் டிரம்ஸ் துணுக்கொன்றை பான்ஹம் மேடையில் தன் தனி ஆவர்த்தனத்தில் வாசித்துக்கொண்டிருந்த வருடங்களிலா?

கட்டுரையாளர் சாட்சிக்கு அழைப்பது ஜூடாஸ் பிரீஸ்டையும் அயர்ன் மெய்டனையும். எழுபதுகளின் பிற்பாதியில் பிரீஸ்ட் ஸ்விங்கைக் குறைத்து நேரடியாக ஓடத் தொடங்கியது சரிதான். மெய்டனின் முதல் தொகுப்பு வந்தது 1980இல். பத்து வருடம் கழித்து வந்தவர்களைக் காட்டி 1970இல் நடந்ததை நிரூபிப்பது, பேரன் முகத்தைப் பார்த்துத் தாத்தாவுக்கு ஜாதகம் கணிப்பது. அந்த பிரீஸ்டும்கூட ப்ளூஸ்காரர் பீட்டர் கிரீனின் ‘கிரீன் மனாலிஷி’யைத் தன் மேடைப் பாட்டாக்கிக்கொண்டது என்பதைக் கட்டுரை வசதியாக மறந்துவிட்டது.

இது ரசனைச் சண்டை மட்டுமல்ல. ‘ஹூச்சி கூச்சி மேன்’ எழுதிய வில்லி டிக்ஸன் மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்த கறுப்பினக் கலைஞர். தன் வேறொரு பாட்டு ‘ஹோல் லாட்டா லவ்’ ஆகிவிட்டது என்று லெட் செப்பலின் மீது 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. பிறகு அந்தப் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது. வாசித்தவர்களே ஒப்புக்கொண்ட கடனை, நாற்பது வருடம் கழித்து ஐரோப்பியத் தூய்மை பேசித் தள்ளுபடி செய்ய இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கட்டுரையாளர் இந்த எதிர்வினைக்குப் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதட்டும். எழுதுமுன் ‘ஃபேரீஸ் வேர் பூட்ஸ்’ பாட்டைப் போட்டு, கிட்டாரை விட்டுவிட்டு பில் வார்டின் கைகளை மட்டும் ஒருமுறை முழுதாகக் கேட்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.