மிருதங்கம் செய்தவர் பெயர் என்ன?

மார்கழியில் சபாக்களில் ஒலிக்கும் வயலினுக்கு நம் வடசென்னையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் வாழ்ந்த காலத்தில்தான் அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கடல் கடந்து வந்த அந்தக் கருவியை யாரும் தீட்டென்று தள்ளவில்லை.

அதைச் செய்தவர்களுக்கும் பெயர் இருக்கிறது. இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். அவர் கருவிகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. கிரெமோனாவின் வயலின் செய்யும் கலையை 2012இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அறிவித்தது.

அதே கச்சேரியில் மிருதங்கமும் ஒலிக்கிறது. பலாக்கட்டை, பசு, எருமை, ஆடு என மூன்று தோல்கள். நாற்றத்தைப் பொறுத்து, தோலைச் சுரண்டி, அளந்து வெட்டி, வார் இழுத்துக் கட்டி நாதம் வரவழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் 1966இல் சங்கீத கலாநிதி ஆனார். அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்?

இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத்தோல் மேடையேறலாம்; மாட்டுத்தோலைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாதாம்!

'பரம்பரைக் கலைஞர்கள்' என்று பொன்னாடை போர்த்தினால் கணக்கு தீர்ந்துவிடாது. தோல் வேலை ஒரு சாதியின் தலையில் மட்டும் தங்கியதற்குப் பெயர் மரபு அல்ல, சாதி. கிரெமோனாவில் 1938 முதல் வயலின் செய்யக் கற்றுத்தரும் பள்ளி இயங்குகிறது. வெளிநாட்டு மாணவர்களும் அங்கே போய்ப் படிக்கிறார்கள். இங்கே மிருதங்கம் வாசிக்கப் பாடத்திட்டமும் பட்டமும் உண்டு. செய்யக் கற்றுத்தர?

நாம் கேட்பது இரக்கம் அல்ல. கச்சேரியில் வாசிப்பவர் பெயரோடு செய்தவர் பெயரையும் அறிவியுங்கள். இசைக் கல்லூரிகளில் மிருதங்கம் செய்வதைப் பாடமாக்குங்கள்; பட்டறை மூத்தவர்களைப் பேராசிரியர் சம்பளத்தில் அமர்த்துங்கள். அவர்கள் பிள்ளைகள் விரும்பினால் செய்யட்டும், விரும்பினால் மேடையேறி வாசிக்கட்டும், வேண்டாமென்றால் வேறு வேலைக்குப் போகட்டும். இது கலைதான் என்றால், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து தோலைச் சுரண்டட்டும்.

அடுத்த கச்சேரிக்குப் போகும் மாணவத் தோழர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மிருதங்கம் யார் செய்தது?

ஜெய் பீம்.